பூஜ்யம்னு பேர் வச்ச சாமி படம்

அன்புச் சிட்டுக்கு சித்தி எழுதிக்கிறது. இங்க ஆண்டவன் புண்ணியத்துல சித்தப்பாவுக்கு பிரஷர் அடங்கி இருக்கு, எனக்கு முட்டி வலி வழக்கம்போல, வேற குறை ஒன்னும் இல்ல. அங்க நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கிட்டு நல்லா இருக்கணும்னு காலையில சாமி முன்னாடி நின்னா முதல்ல உன் பேரைத்தான் சொல்றேன். தினம் போன்ல பேசுறோமே, இப்ப எதுக்கு லெட்டருன்னு நினைப்ப. போன்ல ஆரம்பிச்சா பாதியிலயே நீ பரவாயில்ல சித்தின்னு சொல்லிடுவ, நானும் அதையே சாக்கா வச்சு மீதிய முழுங்கிடுவேன். வீடியோவுல வந்தா பக்கத்துல அவர் உக்காந்திருப்பாரு. பேப்பர் குறுக்கப் பேசாது பாரு, அதான். வேலையை விட்டுட்டு வர்றேன்னு நீ சொன்னதுக்கு, ஒரு வாரம் பொறு, காரணம் அப்புறம் சொல்றேன்னு சொன்னேன்ல, அந்தக் காரணம்தான் இது. ராஜினாமாவைக் குடுத்துடாத கண்ணு. சித்தப்பா உடம்பு நிலைமை பின்னாடி போகல. பின்னாடி போனது உன் சித்தியோட புத்தி.

எங்கேருந்து ஆரம்பிக்கிறதுன்னு தெரியல, எழுதும்போதே மூஞ்சி சுடுது. நீ அனுப்பின அந்தக் குட்டி மெஷின்லேருந்தே ஆரம்பிக்கிறேன். கைக்குள்ள அடங்குற மாதிரி, பெரிய பட்டனா, பக்கவாதத்துல பேச்சும் வலது கையும் போன சித்தப்பா இடது கட்டைவிரலால அமுக்குற மாதிரி தேடித் தேடி வாங்கி அனுப்பின. படத்துக்கு ஒரு வார்த்தையா உன் குரல்ல பேசி நீ செஞ்ச கார்டை அது அப்படியே எடுத்துக்காது, அதுக்குப் புரியற மாதிரி நம்ம கம்ப்யூட்டர்ல மாத்திக் குடுக்கணும்னு போன்லயே எவ்வளவு பொறுமையாச் சொல்லிக் குடுத்த. படமெல்லாம் ஒரு ஃபோல்டர், உன் குரலெல்லாம் ஒரு ஃபோல்டர், ரெண்டுலயும் ஒன்னு ரெண்டுன்னு நம்பர், மாத்துற புரோக்ராம்ல ரெண்டையும் காட்டி பச்சைப் பட்டனை அமுக்கு, கோடு முழுசா நிரம்பினதும் கேபிளைச் சொருகி மெஷினுக்கு அனுப்பு, பிடுங்குறதுக்கு முன்னாடி கம்ப்யூட்டர்கிட்ட சொல்லிட்டுப் பிடுங்கு சித்தின்னு. போயிட்டு வர்றேன்னு அதுகிட்ட வேற சொல்லணுமான்னு நான் கேட்டதுக்கு நீ சிரிச்ச. கிராமத்துப் பள்ளிக்கூடத்துல சிலேட்டோட நின்ன எனக்கு அன்னைக்கு ஏதோ பெரிய ஆபீசுல வேலை கிடைச்ச மாதிரி இருந்துச்சு. முதல் தடவை சரியாத்தான் மாத்தினேன். தம்ளர் படம் வந்தா உன் குரல் தம்ளர்னு சொல்லுச்சு, சீப்பு வந்தா சீப்பு. அதோட விட்டிருக்கலாம்.

அவர் கையில குடுக்கறதுக்கு முன்னாடி மனசு கேக்கல. எந்தக் காரியத்தையும் சாமி முகத்துல ஆரம்பிக்கிறவ நான், பேச்சு திரும்ப வரணும்கிற காரியத்தை ஒரு தம்ளர்லயா ஆரம்பிக்கிறதுன்னு தோணுச்சு. நம்ம சாமி ஷெல்ஃபுல இருக்கிற படத்தைப் போன்ல எடுத்து, அந்தப் படம் வைக்கிற ஃபோல்டர்ல போட்டேன். ஒன்னுக்கு முன்னாடி வரணுமே, அதனால பூஜ்யம்னு பேர் வச்சேன். சாமிக்குப் போய் பூஜ்யம்னு பேர் வச்ச ஒரே ஆளு நானாத்தான் இருப்பேன். பச்சைப் பட்டனை அமுக்கினப்போ ஒரு சின்னப் பெட்டி முன்னாடி வந்து இங்கிலீஷ்ல என்னமோ கேட்டுச்சு. உன்னைக் கேட்டிருக்கணும். நீ ஆபீசுல இருப்பியேன்னு இடது பக்கம் இருந்ததை அமுக்கினேன், பெட்டி போயிடுச்சு, நானும் சாமி ஒத்துக்கிட்டாருன்னு நினைச்சுக்கிட்டேன். அது என்ன கேட்டிருக்கும்னு உனக்கு இப்பவே புரிஞ்சிருக்கும். எனக்குப் புரிய இத்தனை நாள் ஆச்சு. படம் ஒன்னு கூடுதலா இருக்கு, குரல் அவ்வளவு இல்லன்னு கேட்டிருக்கு. சாமி முன்னாடி வந்து உக்காந்ததும் எல்லாப் படமும் ஒரு இடம் தள்ளிப் போயிடுச்சு, குரல் அங்கயே நின்னுடுச்சு. சாமிக்குத் தம்ளர்னு சொல்லுது, தம்ளருக்குச் சீப்புன்னு சொல்லுது, சீப்புக்குச் சட்டைன்னு சொல்லுது. கடைசிவரைக்கும் அப்படியே.

மாத்தி முடிச்சதும் போட்டுக் கேட்டிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்குமேன்னு கேப்ப. அங்கதான் கண்ணு என் வெக்கக்கேடு இருக்கு. முதல் நாள் சத்தமா வச்சுக் கேட்டுக்கிட்டிருந்தப்போ எதிர்வீட்டு டீச்சரம்மா மாடிப்படியில நிறுத்தி, உங்க வீட்டுக்குச் சின்னக் குழந்தை வந்திருக்கா, தம்ளர் சட்டைன்னு யாரோ சொல்லிக் குடுக்கற சத்தம் கேக்குதேன்னு கேட்டாங்க. நான் ஆமாங்க, சொந்தக்காரங்க குழந்தைன்னு சொல்லிட்டேன். யோசிக்கவே இல்ல, வாய் தானா சொல்லுச்சு. பஸ் ஸ்டாண்டு மைக்குல இவர் குரலைக் கேட்டுத்தான் இந்த ஊரே பஸ் ஏறுச்சு. இவர் கிளம்புதுன்னு சொன்னாத்தான் டிரைவரே கிளம்புவாரு. அப்படிப்பட்ட மனுஷன் வீட்டுல உக்காந்து தம்ளர் தம்ளர்னு படிக்கிறாருன்னு சொல்ல எனக்கு நாக்கு வரல. அன்னைக்குச் சாயங்காலமே கடைக்குப் போய் காதுல மாட்டுற வயரை வாங்கிட்டு வந்து, அவர் காதுல மாட்டி, ஜன்னலையும் சாத்திட்டேன். அதுக்கப்புறம் நீ பேசுறது அவருக்கு மட்டும்தான் கேட்டுச்சு. அவர் என்ன கேக்குறாருன்னு எனக்குத் தெரியாது.

பேச்சுப் பயிற்சி குடுக்குற பொண்ணு ஒன்னு ரெண்டு வார்த்தை ஏற்கனவே வரவச்சிருந்தா இல்லியா, மெஷின் வந்ததும் அதுவும் கலைஞ்சு போச்சு. சீப்பைக் காட்டினா சட்டைங்கறாரு, சட்டையைக் காட்டினா சாவிங்கறாரு. அந்தப் பொண்ணு நெத்தியைச் சுருக்கிட்டு, தெரிஞ்ச வார்த்தையே போகுதுன்னா டாக்டரைப் பாத்து மறுபடி ஸ்கேன் எடுத்துடலாம்மான்னு சொன்னா. அதைத்தான் அன்னைக்கு உன்கிட்ட அழுதேன். உன் கார்டெல்லாம் வீணாப்போச்சுடி, அவர் மண்டையில ஒன்னும் ஏறலன்னு சொன்னேனே, நீ நான் வந்துடறேன் சித்தின்னியே, அந்த வார்த்தை இப்பவும் என் நெஞ்சுல முள்ளா நிக்குது. ஆபீஸ் விட்டு வந்து களைச்ச குரல்ல ஒவ்வொரு வார்த்தையா ரெண்டு ரெண்டு தடவை பேசி அனுப்பின பொண்ணுகிட்ட நான் சொன்ன சொல்லு அது.

இதைவிடப் பெரிசு ஒன்னு இருக்கு, அதையும் எழுதிடறேன். பஸ் ஸ்டாண்டு மேனேஜரும் அவர் சம்சாரமும் பாக்க வந்திருந்தாங்க. பிஸ்கட்டு டீ எல்லாம் குடுத்துப் பேசிக்கிட்டிருக்கும்போது இவர் மேஜை மேல இருந்த தம்ளரைக் காட்டி, நல்லாத் தெளிவா, சீப்புன்னாரு. தண்ணி கேக்குறாருன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே, வந்தவங்க முன்னாடி நமக்குக் கேவலமாயிடக் கூடாதுன்னு நானே முந்திக்கிட்டேன். பாருங்க கூத்தை, தண்ணிக்குச் சீப்பு கேக்குறாரு, தலையில இருக்கிற நாலு முடிக்கு இவ்வளவு அக்கறைன்னு சொன்னேன். மேனேஜர் சிரிச்சாரு, அவர் சம்சாரம் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். அவர் என்னை ஒரு பார்வை பாத்துட்டு மடியைக் குனிஞ்சு பாத்துக்கிட்டாரு. தண்ணியைக் குடுத்தேன், குடிக்கல. அதோட வாயை மூடினவர்தான். தப்பாக்கூடப் பேசல. நீ வீடியோவுல கூப்பிட்டப்போ தூங்குறாருன்னு சொன்னேனே, தூங்கல, கேமராவுக்கு அந்தப் பக்கம் முழிச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருந்தாரு. ஆனா மெஷினை மட்டும் விடல. பட்டனை அமுக்கி அமுக்கிக் கேட்டுக்கிட்டே இருந்தாரு.

போன வாரம் பக்கத்துல உக்காந்து துணி மடிச்சுக்கிட்டிருந்தேன். திடீர்னு அவர் காதுலேருந்து வயரைப் பிடுங்கி என் காதுல வச்சாரு. வச்சுட்டுப் பட்டனை அமுக்கினாரு. தம்ளர் படம். உன் குரல் எவ்வளவு ஆசையா, சீப்பு, சீப்புன்னு சொல்லுது. அடுத்ததை அமுக்கினாரு. சீப்புக்குச் சட்டை. நான் மெஷினைப் பாக்குறேன், அவர் என் மூஞ்சியைப் பாக்குறாரு. நான் தப்பாவா சொன்னேன்னு கேக்குற பார்வை சிட்டு அது. அந்த மனுஷனுக்குத் தம்ளர் தம்ளர்னு தெரியும். ஆனா நம்ம பொண்ணு சீப்புன்னு சொல்றா, அவ தப்பாச் சொல்ல மாட்டா, அப்ப என் தலைதான் கெட்டுப்போச்சுன்னு தனக்குத் தெரிஞ்சதை விட்டுட்டு உன்னை நம்பிப் படிச்சிருக்காரு. தினம் சாமி ஷெல்ஃபு முன்னாடி நின்னு தம்ளர்னு சொல்வாரு, கும்பிடுற நேரத்துல தண்ணி என்ன தண்ணின்னு அதுக்கும் கத்தியிருக்கேன். கடைசிக்கு முன்னாடி கார்டு குடை. அதுக்கு உன் குரல் வாயாடி, வாயாடின்னு சொல்லிட்டுக் கடைசியில லேசாச் சிரிக்குது. கல்யாணம் ஆன நாள்லேருந்து என்னை அவர் கூப்பிடுற பேரு. குடையைப் பாத்து வாயாடின்னு சொன்னப்போ, என்னைப் பாத்தா உங்களுக்குக் குடை மாதிரி இருக்கான்னு சண்டை போட்டது ஞாபகம் வந்துச்சு. அதுக்கப்புறம் கடைசிக் கார்டு, என் போட்டோ. அதுக்கு மட்டும் குரலே இல்ல, அதுக்கு உண்டானதைக் குடை எடுத்துக்கிச்சே. நான் யாரு சொல்லுங்கன்னு கேக்கும்போதெல்லாம் அவர் கையை விரிச்சது அதனாலதான். என்னையே மறந்துட்டாருன்னு உன்கிட்ட ஒப்பாரி வச்சேன். அவர் மறக்கல. நான்தான் ஊமைப் படமா நின்னிருக்கேன்.

அன்னைக்கே சாமி படத்தை அந்த ஃபோல்டர்லேருந்து எடுத்துட்டேன். எடுக்கறதுக்கு முன்னாடி சாமிகிட்ட, வரிசையில நிக்க வச்சது என் தப்பு, நீங்க நம்பருக்குள்ள அடங்குறவரா, கோவிச்சுக்காதீங்கன்னு கேட்டுக்கிட்டேன். சின்னதா ஒரு படத்தை வெட்டி மெஷின் முதுகுல ஒட்டியிருக்கேன், அங்கேருந்து பாத்துக்கட்டும். மறுபடி மாத்தினேன், அந்தப் பெட்டி வரவே இல்ல. காது வயரைப் பிடுங்கி வச்சுட்டு, ஜன்னலைத் திறந்து, ஒவ்வொரு கார்டையும் சத்தமா வச்சு முதல்லேருந்து கடைசிவரைக்கும் கேட்டேன். டீச்சரம்மா படியேறி வந்தாங்க, குழந்தை இன்னும் இருக்கான்னு கேட்டாங்க. குழந்தை இல்லங்க, எங்க வீட்டுக்காரர்தான் பேசக் கத்துக்கிறாரு, அன்னைக்குப் பொய் சொன்னேன்னு சொல்லிட்டேன். அவங்க உள்ள வந்து அவர் பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காந்திருந்துட்டுப் போனாங்க. மேனேஜருக்கும் போன் போட்டுச் சொன்னேன், அவர் சீப்புன்னது அவர் தப்பில்ல, என் தப்புன்னு. போன்ல அந்தப் பக்கம் இருந்தவருக்கு என்ன புரிஞ்சுதோ தெரியல. நான் யார் காதுக்குச் சொன்னேனோ அவர் கட்டில்ல உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தாரு.

பயிற்சிப் பொண்ணுகிட்ட தலையைக் குனிஞ்சுக்கிட்டு எல்லாத்தையும் சொன்னேன். திட்டுவான்னு பாத்தா அவ நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்து, அம்மா, தப்பையே இவ்வளவு ஒழுங்கா வரிசை மாறாமக் கத்துக்கிட்டாருன்னா அவருக்கு நல்லாவே ஏறுது, ஸ்கேன் எல்லாம் இப்ப வேண்டாம், கார்டு மட்டும் சரியா வரட்டும்னா. அதான் சொல்றேன், வேலையை விடாத. நீ வந்து செய்ய வேண்டியது இங்க இல்ல, அங்கேருந்து பேசி அனுப்புறதுதான் அவருக்கு மருந்து. அவகிட்ட ரெண்டு நாளா தம்ளர் சட்டை எல்லாம் சரியாச் சொல்றாரு. வீட்டுக்கு வந்தா என்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை கிடையாது. நான் மன்னிப்புக் கேட்டேன், துணி மடிக்கிற மாதிரி நடிச்சுக்கிட்டே கேட்டேன், மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாரு. அது அவர் உரிமை, எனக்கு இது நல்லா வேணும்னு இருந்துட்டேன்.

இன்னைக்குக் காலையில மழை. மருந்துக் கடைக்குப் போகலாம்னு பையை எடுத்துக்கிட்டு வாசல்ல செருப்பு மாட்டிக்கிட்டிருந்தேன். பின்னாடி அவர் காலை இழுத்து இழுத்து நடக்குற சத்தம். திரும்பிப் பாத்தா இடது கையில குடை. அதை என்கிட்ட நீட்டிக்கிட்டு, வாயாடின்னாரு. குடைக்குச் சொன்னாரா எனக்குச் சொன்னாரான்னு தெரியல கண்ணு. பயிற்சிப் பொண்ணுகிட்ட இதை மட்டும் நான் சொல்லப் போறதில்ல, சொன்னா குடையைத் தூக்கிக் காட்டி எதுன்னு சோதிச்சுப் பாத்துடுவா. நான் என்னங்கன்னு கேட்டு வாங்கிக்கிட்டேன்.

உன் அறை ஹீட்டரைச் சரி பண்ணிட்டாங்களா, ராத்திரி பட்டினியாப் படுக்காத, பால் குடிச்சுட்டாவது படு. நீ நினைச்சது எல்லாம் நடந்து, நோய் நொடி இல்லாம, நல்ல மனுஷங்க நடுவுல நூறு வயசு இருக்கணும்னு ரெண்டு பேரும் வாழ்த்துறோம். மறக்காம அடுத்த கார்டெல்லாம் பேசி அனுப்பு, பழசுல என் போட்டோவுக்கு நீ பேசினதை மட்டும் மாத்தாத, அந்தச் சிரிப்போடயே இருக்கட்டும். இனிமே எந்தப் பெட்டி வந்து என்ன கேட்டாலும் உன்னைக் கேக்காம அமுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் சித்தி
வாயாடி