கொல்லைச் சன்னலில் இருந்த டம்ளர்

அன்புள்ள உனக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். பகலில் உட்கார்ந்தால் பாப்பா பேனாவைப் பிடுங்குகிறாள். இப்போதுதான் தூங்கினாள். மூச்சு சீராக வருகிறதா என்று அவள் மூக்கருகே இரண்டு தரம் விரல் வைத்துப் பார்த்துவிட்டு வந்தேன். பத்து மாதம் ஆகிறது, இன்னும் அந்தப் பயம் போகவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொள்.

நாளைக் காப்பிக்கான தண்ணீரைக் காய்ச்சி இறக்கிவைத்துவிட்டு, நேற்றைய பாத்திரத்தைக் கழுவக் கவிழ்த்தேன். மாவு கரைத்துவிட்டதுபோல அடியில் வெள்ளையாக ஒரு படிவு. அதைப் பார்த்ததும் தண்ணீரைப் பற்றி நீ எழுதிய கார்டு ஞாபகம் வந்தது. கூடவே மற்றதும் வந்துவிட்டது. நீ பிலாய்க்குப் போய் மூன்று வருடம். அந்த மற்றதைப் பற்றி நான் ஒரு வரியும் எழுதியதில்லை. பொங்கலுக்கு வாழ்த்து போட்டேன், பாப்பா பிறந்தபோது நாலு வரி போட்டேன். இரண்டுக்கும் நீ பதில் போடவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும்.

திருச்சி ஹாஸ்டலில் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? மெஸ் காப்பி கழுநீர் மாதிரி இருக்கிறது என்று நீ ஒரு பழைய ஹீட்டர் கம்பியை எங்கிருந்தோ கொண்டுவந்தாய். நம்மிடம் பில்டர் இல்லை. உன் வெள்ளைத் தாவணியில் ஒரு மூலையைக் கிழித்துத் துணிவடிகட்டி ஆக்கினோம். தண்ணீர் கொதிக்க ஆரம்பித்த நேரத்தில் படாரென்று பியூஸ் போய், மாடி முழுக்க ஃபேன் நின்றுவிட்டது. கொதித்தவரைக்கும் போதும் என்று நீ பொடியைப் போட்டு வடிகட்டிவிட்டாய். வார்டன் அம்மா மணத்தைப் பிடித்துக்கொண்டே நேராக நம் அறைக்கு வந்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். நீ ஒரு டம்ளரை நீட்டினாய்.

"மேடம், நீங்க வருவீங்கன்னுதான் மூணு பேருக்குப் போட்டோம்."

அவர்கள் குடித்தார்கள். முழுவதும் குடித்துவிட்டு, "ஹீட்டரை என் ரூம்ல கொண்டாந்து வையுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மறுநாளிலிருந்து அவர்கள் அறையிலிருந்து காப்பி மணம் வந்தது. "நம்ம ஹீட்டருக்கு வேலை கெடச்சிடுச்சு, நமக்குத்தான் இன்னும் கெடைக்கல" என்றாய். உன் கையில் என்ன கிடைத்தாலும் அதில் ஒரு காப்பி போட்டுவிடுவாய்.

இரண்டாம் வருடம் பொங்கல் லீவில் விக்கிரமங்கலத்துக்கு உன் வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா வெளியே வந்து, உட்காரச் சொல்லவா வேண்டாமா என்று தயங்கி நின்றார்கள். அவர்கள் சின்ன வயதில் எங்கள் மாதிரிக் குடும்பத்து வயல்களில் நடவு நட்டவர்கள். உன் அப்பா கொத்தனார் வேலைக்குப் போன பிறகுதான் அது நின்றது என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

"எங்க வூட்டுல குடிப்பியாம்மா?" என்று கேட்டார்கள்.

"ஏம்மா, அவ என்ன சாமியா? வாய் இருக்குல்ல, குடிப்பா" என்றாய் நீ.

சுக்கையும் கொத்துமல்லியையும் அம்மியில் தட்டி, கருப்பட்டி போட்டுக் கொதிக்கவைத்து, பால் விடாமல் கொடுத்தீர்கள். மிளகு ஒன்றிரண்டு நாக்கில் சுருக்கென்றது. நான் இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தேன். அதோடு விட்டேனா? ஹாஸ்டலுக்குத் திரும்பியதும் நாலு பேரிடம் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நீ ஒருநாள் என்னை நிறுத்தி, "குடிச்சதுக்கு மெடல் எதுனா குடுக்கணுமாடி?" என்றாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். எனக்கு அன்றைக்கு அது சரியாகப் புரியவில்லை.

கல்யாணமாகி அரியலூர் வந்தபோது, அம்மா எனக்குப் பித்தளை பில்டர் ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தார்கள். திருச்சியில் அரைத்த அதே பொடிதான். ஆனால் இங்கே டிகாஷன் கறுப்பாக இறங்கியது, மணமே இல்லை. குடித்தால் சாக்பீஸைக் கரைத்தது போலச் சப்பென்று இருந்தது. முதல் வாரமே அத்தை கேட்டுவிட்டார். "காலேஜ்ல மூணு வருசம் இதத்தான் படிச்சியா?" நான் அழுதுகொண்டே உனக்கு ஒரு இன்லண்ட் எழுதினேன். வேறு யாரிடம் சொல்ல? உன் பதில் ஒரு கார்டில் வந்தது.

"பொடி மேல தப்பு இல்லடி. தண்ணி. நம்ம பக்கம் பூராவும் சுண்ணாம்புத் தரை. முதல் நாளே தளதளன்னு கொதிக்க வச்சு அப்படியே ஆற விடு. சுண்ணாம்பு அடியில தங்கிடும். ஆட்டாம மேல் தண்ணிய மட்டும் எடுத்து மறுபடி கொதிக்க வச்சு ஊத்து. பில்டரை முதல்ல வெந்நீர் விட்டுச் சூடாக்கிக்க. பொடிய அமுக்காத. ரெண்டு தடவையா ஊத்து. முதல்ல பொடி நனையுற அளவு, மிச்சம் அப்புறம். உன் மாமியார் வாயை அடைச்சுட்டு எனக்கு எழுது."

அடைத்துவிட்டது. அத்தை முதல் டம்ளரைக் குடித்துவிட்டு அதையே மறுபடி நீட்டினார். அன்றிலிருந்து காலை ஆறு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் அத்தைக்கு அந்தக் காப்பி இல்லாமல் முடியாது. தெருவில் நாலு பேரிடம், "எங்க வூட்டுக் காப்பி மாதிரி வராது" என்று பேச்சு. அது யார் சொல்லிக்கொடுத்த பக்குவம் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

பிறகு நீ வந்தாய். உனக்கும் கல்யாணமாகி, பிலாய்க்குப் புறப்படும் முன் என்னைப் பார்க்க வேண்டும் என்று, கல்யாணப் பட்டுப்புடவை கட்டி, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருந்தாய். கூடத்தில் இவரும் இவருடைய சித்தப்பாவும் உட்கார்ந்திருந்தார்கள். அத்தை உன்னைப் பார்த்துச் சிரித்து, எந்த ஊர் என்று கேட்டார். சொன்னாய். எந்தத் தெரு என்று கேட்டார். அதையும் குரல் மாறாமல் சொன்னாய்.

அத்தை அடுப்படிக்குள் வந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "கொல்லைச் சன்னல்ல இருக்கே, அதுல ஊத்திக் குடு" என்றார்.

அந்தக் கண்ணாடி டம்ளர் வெளுக்க வருகிறவருக்கும் மரம் ஏற வருகிறவருக்கும் கொடுப்பது. விளிம்பில் சின்னதாக ஒரு உடைசல் இருக்கும். எனக்குக் கல்யாணமாகி அப்போது நாற்பது நாள். நான் இன்னும் அந்த வீட்டில் உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டு எடுத்துக்கொண்டிருந்தவள். இவையெல்லாம் சாக்கு என்று தெரிந்துதான் எழுதுகிறேன். சொன்னது அத்தை. சன்னலுக்குப் போய் எடுத்தது நான், ஊற்றியது நான், கொண்டுவந்து உன் கையில் கொடுத்தது நான்.

மற்றவர்களுக்கு எவர்சில்வர் டம்ளரும் டவராவும். நீ ஒருதரம் அவற்றைப் பார்த்தாய். பிறகு உன் கையில் இருப்பதைப் பார்த்தாய். என்னைப் பார்க்கவில்லை. உடைசல் இல்லாத பக்கமாகத் திருப்பிக் குடித்தாய். "டிகாஷன் நல்லா எறங்கியிருக்குடி" என்றாய். உன் கார்டில் இருந்தபடி இறக்கிய டிகாஷன் அது. குடித்து முடித்து, நான் எழுந்திருப்பதற்குள் நீயே பக்கவாட்டுச் சந்து வழியாகக் கொல்லைக்குப் போய்த் தொட்டித் தண்ணீரில் அதைக் கழுவினாய். சன்னலில் கவிழ்த்து வைத்தாய். எங்கே வைக்க வேண்டும் என்று உனக்கு யாரும் சொல்லவில்லை.

நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாய். "போயிட்டு வரேன்" என்றாய். நான் வாசலில் நின்று தலையை ஆட்டினேன். அவ்வளவுதான்.

இப்போது ஏன் இதை எழுதுகிறேன் என்றால், போன மாதம் பாப்பாவுக்கு ஊசி போட ஒரு நர்ஸம்மா வந்தார்கள். வெயிலில் மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாலு தெரு நடந்து வந்தவர்கள். ஊசி போட்டதும் பாப்பா வீறிட்டாள், எனக்கு அவளைவிட அதிகம் அழுகை வந்தது. நர்ஸம்மா என்னைத்தான் தட்டிக்கொடுத்தார்கள். "ஒண்ணும் ஆவாதும்மா. ராத்திரி லேசா காச்சல் அடிக்கும், பயந்துக்காத." அத்தை வழக்கம்போல ஊர், தெரு எல்லாம் விசாரித்தார். பிறகு அடுப்படிக்கு வந்தார். அதே சொல்.

நான் சன்னலுக்குப் போனேன். டம்ளரைக் கையில் எடுத்தேன். இடுப்பில் பாப்பா இருந்தாள். இப்போது அவள் என் கை எதைத் தொட்டாலும் அதைத் தொட வேண்டும் என்கிறாள். கரண்டி எடுத்தால் கரண்டி, முறம் எடுத்தால் முறம். அந்த டம்ளருக்கும் கையை நீட்டினாள். அவளுக்கு வரும் காய்ச்சல், வயிற்றுப்போக்கு எல்லாவற்றுக்கும் பயப்படுகிறேன், இதை நானே அவள் கையில் கொடுத்துவிடுவேனே என்று தோன்றியது. டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பி வந்து, எங்கள் எவர்சில்வர் டம்ளரிலேயே ஊற்றி, டவராவோடு கொடுத்தேன். நர்ஸம்மாவுக்கு எதுவும் தெரியாது. "நல்லாயிருக்கும்மா, வரேன்" என்று அவசரமாகக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அத்தைக்குத் தெரிந்தது. "இனிமே உன் காப்பி எனக்கு வேணாம்" என்றார். காலையில் நீராகாரம், மாலையில் ஒன்றும் இல்லை. இவர், "ஒரு காப்பிக்காக வூடு ரெண்டாவணுமா?" என்றார். "ஒரு டம்ளருக்காகத்தான் ஆவுது" என்றேன். கல்யாணமாகி இவரை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தரம். அவர் பேப்பரை விரித்துக்கொண்டார். ஆனால் அன்று மாலை சன்னலிலிருந்து அந்தக் கண்ணாடி டம்ளரை நான் அப்புறப்படுத்தியபோது, அவர் பார்த்தார், தடுக்கவில்லை.

மூன்று நாள். நாலாம் நாள் காலை அத்தை தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"தல பொளக்குது. ஒரு வாய் காப்பி குடு."

"எதுல ஊத்தட்டும் அத்தை?" கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டேன்.

"எதுல இருந்தா என்னடி இப்ப, சூடா இருந்தா சரி."

இரண்டு டம்ளர் குடித்தார். அன்றைக்குத்தான், இந்தப் பக்குவம் யாருடையது என்று அவரிடம் சொன்னேன். உன் பெயரைச் சொன்னேன், நீ வந்த நாளைச் சொன்னேன். அத்தை தலைத்துணியை அவிழ்த்து மடித்தார். பிறகு, "அந்தப் பொண்ணு கழுவி வச்சிட்டுப் போச்சுல்ல" என்றார். அவருக்கும் ஞாபகம் இருந்திருக்கிறது.

மாறிவிட்டார் என்று நான் உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். நர்ஸம்மா குடித்த டம்ளரை அலமாரியில் பின்னால் தள்ளி வைக்கிறார். நான் தினமும் முன்னால் எடுத்து வைக்கிறேன். மறுநாள் பின்னால் போயிருக்கும். ஆனால் போன வாரம் இரண்டு நாள் அது நான் வைத்த இடத்திலேயே இருந்தது.

உன்னிடம் நான் கேட்க வேண்டியது ஒன்று. அன்று நான் செய்தது தப்பு. மூன்று வருடம் அதை எழுதாமல் இருந்தது அதைவிடத் தப்பு. என்னை மன்னிப்பாயா என்பதை நீ உன் நேரத்தில் யோசி, அதற்கு நான் அவசரப்படுத்த மாட்டேன்.

உன் அண்ணனை முந்தாநாள் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். பங்குனியில் நீ தலைப்பிரசவத்துக்கு விக்கிரமங்கலம் வருகிறாய் என்றார். கேட்டதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம், உடனே உனக்காகவும் பயம் பிடித்துக்கொண்டது. என் சுபாவம் தெரியுமே உனக்கு. எந்த டாக்டரிடம் காட்டுகிறாய், கால் வீங்குகிறதா, ராத்திரி தூக்கம் வருகிறதா? காப்பியைக் குறைத்துக்கொள், நெஞ்சு கரிக்கும். பாப்பாவையும் தூக்கிக்கொண்டு உன் வீட்டுக்கு வர எனக்கு ஆசை. உன் அம்மா முகத்தைப் பார்க்கத்தான் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் வருவேன், நீ வரச் சொன்னால்.

வர வேண்டாம் என்றால் அதையும் எழுதிவிடு. ஒரு கார்டு போதும். சீக்கிரம் பதில் போடு.