பதினோரு நிமிட வழி

ஆகஸ்ட் 5, திங்கள்

இது போன வருடத்து டைரி. பெர்மனன்ட் ஆட்களுக்கு ஜனவரியிலேயே 1991 டைரி கொடுத்துவிட்டார்கள். மிஞ்சிக் கிடந்த 1990 டைரிகள் இன்று கான்ட்ராக்ட் ஆட்களுக்கு வந்தன. "தேதி ஒண்ணுதானேம்மா, கெழமைய மட்டும் அடிச்சு எழுதிக்கோ" என்றார் பர்சனல் ஆபீசர் கோபால், ஏதோ வரம் கொடுப்பவர் மாதிரி.

அடித்து எழுதிக்கொண்டேன். இரண்டு வருடமாகப் பம்ப் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறேன். கேட் ரிஜிஸ்டரில் என் பெயர் இன்னும் பென்சிலில்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 12, திங்கள்

நோட்டீஸ் போர்டில் கூட்டம். செப்டம்பர் 29, ஞாயிறு, கம்பெனியின் பத்தாவது ஆண்டு விழா. அன்றைக்கு 'மலை ஓட்டம்'. சின்ன முதலாளி வெளிநாட்டில் படித்தபோது காட்டு மலைகளில் ஓடுவாராம். திரும்பி வந்து கார் கண்ணாடி வழியாக நம் மலையைப் பார்த்துவிட்டார். அதற்கு முன் அந்த மலை அங்கே இல்லை போலிருக்கிறது.

கடைசி வரிதான் முக்கியம். ஆண்களில் முதல் மூன்று பேருக்கும் பெண்களில் முதலில் வருபவளுக்கும் வேலை நிரந்தரம். கான்ட்ராக்டில் நூற்று நாற்பது பேர் இருக்கிறோம். வேலை தெரிந்தவனைப் பார்த்து எடுக்க நேரமில்லை, மூச்சு வாங்காதவனாகப் பார்த்து எடுக்கப்போகிறார்கள். மாட்டுச் சந்தையில் பல்லையாவது பிடித்துப் பார்ப்பார்கள்.

பெயர் கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 14, புதன்

விடிந்ததும் வாலாஜாபாத் ரோட்டில் ஓடினேன். அரை மைல்கூடப் போகவில்லை, போலீஸ் ஜீப் நின்றது. மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு இந்தப் பக்கம் யார் வேகமாக நடந்தாலே நிறுத்துகிறார்கள்.

"யாரும்மா தொரத்துறாங்க?"

"யாரும் இல்ல சார்."

"அப்புறம் ஏன் ஓடுற?"

"வேலைக்கு சார்."

"பஸ் இல்லியா?"

விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. இனி ரோடு வேண்டாம், மலைதான். அங்கே என்னை நிறுத்தக்கூடியவர் ஒரே ஒருவர், பாரஸ்ட் கார்டு அண்ணாதுரை. அவர் எட்டு மணிக்கு முன் எழுவதில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

மலையின் படம் வரைந்தேன், இரண்டு பக்கத்துக்கு. நடுவில் மலை, கீழே ஏரிக்கரை. வழிகள் மூன்று.

வண்டிப்பாதை. அகலம், சுற்று அதிகம். ஏற இருபத்தாறு நிமிடம்.

மொட்டைப் பாறைச் சரிவு. குறுக்கு வழிதான். மழை பெய்தால் நேராகக் கீழே, எலும்பு நொறுங்க.

மூன்றாவது எங்கள் வழி. உச்சிக்குப் பின்னால் இரட்டைப் பாறைக்கு நடுவே நுழைந்து, ஓடையில் இறங்கி, காரைமுள் புதரின் அடியில் குனிந்து வெளியே வந்தால் ஏரிக்கரை. இறங்கப் பதினோரு நிமிடம், தலையில் விறகுக் கட்டோடு. புதரில் இருக்கும் ஓட்டை வெளியே இருந்து தெரியாது. வரும்போது கடைசி ஆள் முள் கிளையை இழுத்து மூடிவிட்டு வர வேண்டும். அதுதான் சட்டம். எங்கள் தெருவில் பதினாறு பெண்கள் அந்த வழியில்தான் விறகு கொண்டுவந்து கூட்ரோடு டீக்கடைகளில் போடுகிறார்கள். அம்மாவும் அதில் ஒருத்தி. பன்னிரண்டு வயதிலிருந்து பிளஸ் டூ முடிக்கும்வரை நானும்தான்.

கார்டு துரத்தினால் ஒன்பது நிமிடம்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

டெஸ்டிங் செக்‌ஷன் நிலாவும் பெயர் கொடுத்திருக்கிறாள். வாலாஜாபாத்துக்காரி. பள்ளியில் படிக்கும்போது மாவட்ட அளவில் கப் வாங்கினவள். சாப்பாட்டு நேரத்தில் ஷெட்டைச் சுற்றி ஓடினோம். மூன்றாவது சுற்றில் அவள் முதுகைப் பார்த்தேன். நான்காவதில் அதையும் பார்க்கவில்லை.

நல்ல பெண். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதுதான் எரிச்சல்.

செப்டம்பர் 3, செவ்வாய்

கோபால் லைனுக்கே வந்தார். வண்டிப்பாதையில் ஏறி அதிலேயே இறங்கினால் ஏறுகிறவனும் இறங்குகிறவனும் முட்டிக்கொள்வார்களாம். சின்ன முதலாளிக்கு வட்டமாக வேண்டுமாம். பாறைச் சரிவைப் பார்த்துவிட்டு, "இதுல எறக்கினா இன்சூரன்ஸ்காரன் நம்மள எறக்கிடுவான்" என்றாராம்.

"ஏம்மா செந்தாமரை, நீ மலையடி ஊர்தானே? எறங்கறதுக்கு வேற வழி கீதா?"

"கேட்டுப் பாக்குறேன் சார்" என்றேன்.

யாரைக் கேட்பது? என்னைத்தான்.

செப்டம்பர் 5, வியாழன்

கணக்கு சுலபம். ஏற்றத்தில் நிலா என்னைவிட இரண்டு நிமிடம் முன்னால் இருப்பாள். வண்டிப்பாதையிலேயே இறங்கினால் அது மூன்று நிமிடமாகும். எங்கள் வழியில் இறங்கினால்? அவள் ஓடையில் எந்தக் கல் ஆடும் என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் ஏரிக்கரையில் இருப்பேன்.

ஒரு நாள் ஓட்டம்தானே. முடிந்ததும் யார் ஞாபகம் வைத்திருக்கப்போகிறார்கள்? பெர்மனன்ட் ஆகிவிட்டால் அம்மா எதற்கு விறகுக்குப் போக வேண்டும்?

— மற்ற பதினைந்து பேர்?

அவர்கள் என்ன ஆயுசுக்கும் விறகா சுமக்கப்போகிறார்கள்? சுமப்பார்கள். தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

செப்டம்பர் 7, சனி

காட்டிவிட்டேன்.

கோபால், நான், கூடவே கார்டு அண்ணாதுரை. காட்டுக்குள் விழா நடத்த அனுமதி கொடுத்ததே அவர்கள் ஆபீஸ்தானே, அதனால் கார்டு உடன் வர வேண்டுமாம். இது எனக்கு மலை ஏறும்போதுதான் தெரிந்தது. திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை.

காரைமுள் கிளையை நானே நகர்த்தினேன். அண்ணாதுரை குனிந்து வெளியே வந்து, ஏரியைப் பார்த்தார், புதரைப் பார்த்தார், இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார்.

"பதினோரு வருசமா இந்த மலையில டூட்டி. இந்த ஓட்டையக் கண்டுபுடிக்க ஒரு கம்பெனிக்காரன் வரவேண்டியதாப் போச்சே!"

கோபால் சிரித்தார். நானும் சிரித்தேன். நான் சிரித்ததை இங்கே எழுதி வைக்கிறேன், பிற்பாடு இல்லை என்று சொல்லாமல் இருக்க.

வரும்போது முள் கிளையை யாரும் இழுத்து மூடவில்லை.

செப்டம்பர் 20, வெள்ளி

ஓடுகிறவர்களுக்கு வெள்ளைக் கேன்வாஸ் ஷூ வந்தது. பெண்களுக்கும் எட்டாம் நம்பர்தான். நோட்டீஸில் இன்னொரு வரி சேர்ந்திருக்கிறது: 'பெண்கள் கண்ணியமான உடையில் ஓடவும்.' ஆண்கள் எப்படி வேண்டுமானாலும் ஓடலாம் போல.

செப்டம்பர் 28, சனி

அம்மா காலை ஆறு மணிக்கே வெறுங்கையோடு திரும்பிவிட்டாள். எதிர்வீட்டு மீனம்மாள் அத்தையும் கூடவே.

"நம்ம வழியில எவனோ சுண்ணாம்புக் கோடு போட்டு வெச்சிகீறான்டீ. மரத்துக்கு மரம் செவப்புத் துணி கட்டிகீது" என்றாள் அம்மா.

"எலக்சன்தான் முடிஞ்சிட்சே, இன்னாத்துக்குக் கொடி?" என்றாள் அத்தை. "எந்தக் கட்டையில போறவன் பாத்தான்னு தெரில. அவன் கையில கட்டை மொளைக்க!"

நான் தலை வாரிக்கொண்டிருந்தேன். வாரிக்கொண்டே இருந்தேன்.

செப்டம்பர் 29, ஞாயிறு

ஜெயித்துவிட்டேன்.

ஷாமியானா, மைக், ரஸ்னா. சின்ன முதலாளி கொடி அசைத்துவிட்டு அவரும் எங்களோடு ஓடினார். வண்டிப்பாதையின் முதல் வளைவில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். பிறகு அவரைக் காணவில்லை.

உச்சியில் நிலா நூறு அடிதான் முன்னால் இருந்தாள். இரட்டைப் பாறையில் தயங்கினாள். நான் தயங்கவில்லை. ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு இறங்கினேன். என் காலுக்கு ஒவ்வொரு கல்லும் தெரியும். தலையில் கட்டு இல்லாமல் அந்த வழியில் இறங்கியது இன்றுதான் முதல் தடவை. காற்றில் போவது மாதிரி இருந்தது. அந்த சந்தோஷத்தை மட்டும் பொய் என்று எழுத முடியாது.

எட்டு நிமிடம்.

ஏரிக்கரையில் எங்கள் தெருப் பெண்கள் வேடிக்கை பார்க்க நின்றிருந்தார்கள். நான் புதருக்கு அடியிலிருந்து வெளியே வந்ததும் அவர்கள் கைதட்டல் நின்றுவிட்டது. கம்பெனிக்காரர்கள் மட்டும் தட்டினார்கள். மீனம்மாள் அத்தையின் குரல் தெளிவாகக் கேட்டது:

"பாருடி பாப்பம்மா, உன் பொண்ணு கார்டு தொரத்துற மாரியே ஓடியாறா. ஆனா கார்டு அதோ, ரஸ்னா குடிச்சிக்கினு குந்திகீறான்."

எனக்கு மாலை போட்டார்கள்.

அக்டோபர் 1, செவ்வாய்

நிலாவின் கணுக்காலில் கட்டு. ஓடையில் சறுக்கினாளாம். "எப்படிக்கா அப்படி எறங்குன?" என்று கேட்டாள். இந்தத் தடவை தண்ணீர் நான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அக்டோபர் 7, திங்கள்

இன்று நடந்தது. வேலையிலிருந்து வந்தேன். அம்மா வாசலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சும்மாட்டுத் துணி மட்டும்.

"பொதருக்கு வெளிய கார்டு ஸ்டூல் போட்டுக் குந்திகினு இருந்தான். ஒவ்வொருத்தியா குனிஞ்சி வந்தோம். கல்யாண வூட்டு வாசல்ல வரவேற்கிற மாரி சிரிச்சிக்கினே கட்ட எறக்கி எறக்கி வெச்சான். கத்தியப் புடுங்கிக்கினான். பதினாறு பேர் கத்தியும் போச்சு."

"அம்மா, அந்த வழிய நான்தான்—"

"தெரியும்."

"எப்பத்திலிருந்து?"

"துணி கட்டுன அன்னைக்கே. தல வாரினியே, அப்பவே." சும்மாட்டுத் துணியை உதறி மடித்தாள். "வேல கெடச்சிட்சா?"

"ஆர்டர் இன்னும் வரல."

"கேட்டு வாங்கு" என்றாள். என்னைத் திட்டியிருக்கலாம் இல்ல? ரெண்டு அறை வெச்சிருந்தாகூட... இன்னாத்துக்கு அப்படி அமைதியா இருக்கணும்?

அக்டோபர் 21, திங்கள்

புதரை வெட்டிவிட்டார்கள். ஓடை வாயில் முள்கம்பி. அதற்கு இந்தப் பக்கம் கம்பெனி ஒரு பலகை நட்டிருக்கிறது: 'பவுண்டர்ஸ் டிரெயில்'. சின்ன முதலாளி கண்டுபிடித்த பாதையாம். உள்ளே போகக்கூடாது என்று இன்னொரு பலகை, அது அரசாங்கத்தினுடையது. இரண்டும் ஒரே சவுக்குக் கம்பத்தில்.

மீனம்மாள் அத்தை என்னைப் பார்த்தால் தெருவில் ஓரமாக ஒதுங்கி நிற்கிறாள். "தள்ளுங்கடி, ஆபீசரம்மா ஓடியாறாங்க."

நவம்பர் 4, திங்கள்

ஆர்டர் வந்தது, தீபாவளிக்கு முந்தின நாள். 'ஓராண்டுக் காலத்துக்குப் பயிற்சிப் பணியாளராக நியமிக்கப்படுகிறீர்கள். அதன்பின் நிரந்தரம் குறித்துப் பரிசீலிக்கப்படும்.'

பரிசீலிக்கப்படும்! பதினாறு கத்தி, பதினோரு நிமிட வழி, அம்மா என்னிடம் மனம்விட்டுப் பேசும் பேச்சு, எல்லாவற்றையும் கொடுத்து நான் வாங்கியது இந்த ஒரு வார்த்தை.

கேட் ரிஜிஸ்டரில் பெயரைப் பேனாவில் எழுதிவிட்டார்கள். அது மட்டும் உண்மை.

நவம்பர் 24, ஞாயிறு

விடாத மழை. ஆனாலும் தெருத் திண்ணைகளில் மறுபடி விறகு காய்கிறது. எல்லா வீட்டிலும். கூட்ரோடு டீக்கடைக்கும் போகிறது.

"எந்த வழியாம்மா போறீங்க?"

"போற வழியாத்தான்."

டிசம்பர் 9, திங்கள்

கோபால் கூப்பிட்டார். அடுத்த வருட ஓட்டம் இன்னும் பெரிதாகவாம், வெளி ஆட்களும் வருவார்களாம். வேறு புது வழி வேண்டும். மேசை மேல் என் ஃபைல் திறந்திருந்தது. தற்செயலாகத்தான், அவர் ஒன்றும் மோசமானவரில்லை. ஃபைலை மூடத் தெரியாதவர்.

"உனக்குத் தெரியாத வழியா? யோசிச்சிச் சொல்லு. கன்ஃபர்மேசனுக்கு நோட் போடும்போது எனக்கும் எழுத ஒரு விஷயம் வேணும்ல."

"அவ்ளோதான் சார். சின்ன மலை. மூணு வழிதான்."

"நிஜமாவா?"

"நிஜமா சார்."

ஃபைலை மூடினார். இப்போது மூடத் தெரிந்தது.

டிசம்பர் 15, ஞாயிறு

அம்மா ஏழு மணிக்குக் கட்டோடு வந்தாள். பாதத்தில் மண். புடவை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வந்த விதை. ஒரு பார்வைதான், எந்த வழி என்று தெரிந்துவிட்டது. எங்கே குனிய வேண்டும், எங்கே தண்ணீர் நிற்கும், இறங்க எத்தனை நிமிடம் ஆகும், எல்லாம் தெரிந்துவிட்டது. நானா மறப்பேன்? பேனாவை எடுத்தும்விட்டேன்.

எழுதமாட்டேன்.

விறகு ஈரம். அம்மா ஊதி ஊதி இருமினாள். "காகிதம் ஏதாவது கீதாடி?"

ஆகஸ்ட் 18-இல் படம் வரைந்த இரண்டு பக்கங்களை மட்டும் கிழித்துக் கொடுத்தேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் அடுப்பு வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். கீழே வளைந்திருந்த கோட்டை விரலால் தடவினாள்.

"இது ஏரி மாரி கீதே."

"ஆமாம்மா."

சுருட்டி அடுப்புக்குள் செருகினாள். பற்றிக்கொண்டது.

"நீ எறிஞ்ச எட்டாம் நம்பர் பூட்ஸு, நான் பொறுக்கியாந்தது, சும்மாத்தான கெடக்குது? மீனம்மாவுக்குக் குடு. அவ காலு பெருசு. அந்தப் பக்கம் முள்ளு ஜாஸ்தி" என்றாள். சொன்ன பிறகுதான் 'அந்தப் பக்கம்' என்று வாய்தவறி வந்துவிட்டது உறைத்து, என்னைப் பார்த்தாள்.

நான் சோற்றுப் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாளை நாலு மணிக்கு அம்மா எழுந்திருப்பாள். நான் தூங்குகிறவள் மாதிரி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பேன்.