அண்ணையும் ரூபனும் மோதாத நாலாம் முறை

ஒக். 22, புதன்

காலையிலிருந்து மழை. உடுப்புக் காயவில்லை. கந்தசஷ்டி தொடக்கம். அம்மா வழமைபோல விரதம். இம்முறை அண்ணையும்.

ஞாயிறு அவனுக்கு மாகாணக் குத்துச்சண்டைத் தெரிவு. மிடில்வெயிட். எதிரே தொண்டைமானாற்று ரூபன். வெல்பவன் கொழும்புக்கு. குடாநாட்டில் மற்ற எல்லோருக்கும் இந்த இருவர் என்றால் பயம். இவர்கள் இருவரும் இன்னும் ஒருதரமும் மோதியதில்லை. முதல்முறை ரூபனுக்குக் கை முறிவு. அடுத்தமுறை வெள்ளம். போன வருடம் அண்ணைக்குக் காய்ச்சல். நெற்றியைத் தொட்டுப் பார்த்தது நான். சூடு இருக்கவில்லை.

பின்னேரம் மாஸ்டர், அண்ணையைப் பழக்குபவர், மோட்டார் சைக்கிள் எஞ்சினை நிறுத்தாமலே வாசல் படலையில் நின்று கத்தினார்.

"உனக்கு விசரே? சண்டைக் கிழமையிலை ஆர் விரதம் பிடிக்கிறது?"

"முருகனுக்கு நேர்ந்தாச்சு, மாஸ்டர்."

"முருகன் சூரனோடை அடிபட்டது வெறும் வயித்தோடையே?"

உள்ளிருந்து அம்மா: "கோயில் காரியத்தைப் பகிடி பண்ணாதேங்கோ."

மாஸ்டர் போய்விட்டார். அம்மாவுக்கு எதிராக அவரிடம் ஒரு குத்தும் இல்லை.

ஒக். 23, வியாழன்

மின்சாரம் போய் வந்தது. நூறு வருடத்துக்கு முந்தைய மிடில்வெயிட்டுகள் பற்றி வாசிப்பு. ஊர்கள் பயந்த ஆட்கள். ஒரே காலம், ஒரே எடை. நேருக்கு நேர் வரவேயில்லை. காரணங்கள்: தோல் நிறம். மனேஜர். கை முறிவு. "ஆயத்தமில்லை." பயம் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

யார் வென்றிருப்பார் என்று ஆட்கள் இன்னும் வாக்குவாதம். படங்களில் ஒவ்வொருவரும் தனியே, முன்னால் யாருமில்லாமல் முஷ்டியை உயர்த்தியபடி.

ஒக். 24, வெள்ளி

விரதத்தின் ஒருநேரச் சாப்பாட்டையும் அண்ணை விட்டுவிட்டான். துளசித் தண்ணீர் மட்டும்.

எங்கள் அரியாலைத் தேத்தண்ணிக் கடை வாசலில் யாரோ, அண்ணையைப் பார்த்து: "அரியாலைச் சிங்கம் துளசி தின்னுதாம்." சிரிப்பு.

மருந்துக்கடைத் தராசில் அவன் ஏறுவதை வீதியிலிருந்து கண்டேன். எழுபத்தொன்றுக்குக் கீழே போனால் மிடில்வெயிட் இல்லை. எண்ணைப் பார்த்தான். முகம் இளகியது. எனக்குத் தெரிந்த முகம். பல்கலைக்கழகத்தில் சோதனை ஒத்திவைத்த அன்று என் முகம்.

வழியில் கேட்டேன். "அண்ணை, ரூபனுக்குப் பயப்பிடுறியளே?"

"விரதகாலத்திலை உப்பிடிக் கதைக்காதை."

ஒக். 25, சனி

அலுமாரியில் கறையான். புத்தகங்களை வெயிலில் வைத்தேன். வெயில் போய்விட்டது.

ஒக். 26, ஞாயிறு

எடை பார்த்தல். அண்ணை: எழுபதும் சொச்சமும். பிரிவிலிருந்து நீக்கம். மாஸ்டர் மர வாங்கில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு ரூபன். எழுபத்தேழு. இரண்டு கிலோ கூட. அவனும் நீக்கம்.

"அக்கா சுவிசிலையிருந்து வந்து நிக்கிறா, சேர். மறுக்கேலாமல் சாப்பிட்டிட்டன்."

மிடில்வெயிட்டில் மிஞ்சியவன் உரும்பிராய்ப் பெடியன் ஒருவன். மெலிந்த கை. எதிராளி இல்லாமலே நடுவர் அந்தக் கையை உயர்த்தினார். அவனுக்கே வெட்கம். கொழும்புக்கு அவன்.

மாஸ்டர் வாங்கிலிருந்து எழும்பினார்: "ஒருத்தன் முருகனுக்குப் பின்னாலை ஒளிச்சான். மற்றவன் புட்டுப்பானைக்குள்ளை ஒளிச்சான்."



ஒக். 27, திங்கள்

சூரன் போர். அம்மா பிறந்த ஊர் தொண்டைமானாறு. ஒவ்வொரு வருடமும் அங்கேயுள்ள சின்ன முருகன் கோயிலுக்குத்தான் போவோம். வீதி முழுக்கச் சேறு. அண்ணை தலையைக் குனிந்தபடி.

சூரன் சிலையைத் தடிகளில் தோளில் காவியவர்களில் ஒருவர் வழுக்கி விழுந்தார். "உயரமான ஆள் ஒராள் வாங்கோ!" யாரோ அண்ணையைத் தள்ளிவிட்டார்கள். முன் தடி அவனுக்கு. பக்கத்துத் தோள் ரூபன்.

அம்மாவும் நானும் கைக்கெட்டும் தூரத்தில்.

"தராசிலை எவ்வளவு நிண்டது?" ரூபன்.

"எழுபதும் சொச்சமும். புட்டு நல்லாயிருந்ததே?"

"விசர்க்கதை கதையாதை. தூக்கடா."

மேளம். சூரன் இடமும் வலமும் ஆடி முருகனை நோக்கிப் பாய்ந்தான். வேல் முன்னால் வந்தது. இருவரும் ஒரே நேரத்தில் பின்வாங்கினார்கள். அவ்வளவு சேற்றிலும் கால் பிசகவில்லை. சனம் கைதட்டியது. மறுபடி பாய்ச்சல், மறுபடி பின்வாங்கல். நாள் முழுக்கப் பழகியவர்கள் போல.

ஒக். 28, செவ்வாய்

பாறணை. விரதம் முடிந்தது. மழை. அண்ணை இரண்டாம் கோப்பைச் சோற்றில் கையை வைத்தபடி:

"வலது முழங்கால் சரியில்லை. பின்னுக்குப் போகேக்கை பாரம் முழுக்க என்ரை பக்கம் விழுந்தது."

"ஆருக்கு?" அம்மா.

"சூரனுக்கு."

அம்மா ரசம் எடுக்கக் குசினிக்குப் போனார்.

"மாஸ்டரிட்டைச் சொல்லட்டே?" என்றேன்.

"வேண்டாம்."

நாலு வாய் சாப்பிட்டான். வலத் தோளைத் தடவிப் பார்த்தான்.

"ரூபன் என்ரை தோளிலை என்னத்தைக் கண்டானோ."