ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் குளிர்

ஏட்டி,

இன்று மத்தியானம் கம்பளியை எடுக்கப் பெட்டியைத் திறந்தேன். புல்வாசம் குப்பென்று முகத்தில் அடித்தது. மலையிலிருந்து இறங்கிய அன்று நம் மூன்று பேர் துணிகளுக்குள்ளும் நீ தைலப்புல்லைப் பிடுங்கிப் பிடுங்கித் திணித்தாயே, அதுதான். காய்ந்து சருகாகிவிட்டது. வாசம் மட்டும் போகவில்லை. "ஊருக்குப் போயி தொறந்தா மலை அப்பிடியே வெளிய வரும், பாத்துக்க" என்று அன்றைக்குச் சொன்னாய். வந்தது. நான் பெட்டிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு பல் கிடுகிடுக்க உட்கார்ந்திருந்தேன்.

எனக்கும் வந்துவிட்டது. உனக்கு வந்த அதே குளிர்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன். போர்டிங்கில் எல்லாரும் உறங்கிவிட்டார்கள். வராந்தா ராந்தலின் வெளிச்சம் ஜன்னல் வழியாக விழுகிற இடத்தில் பாயை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். வெளியே மழை விடாமல் பெய்கிறது. மேட்ரன் அம்மா எழுந்து வந்தால் விளக்கடியில் என்ன வேலை என்று கேட்பாள். அதற்குச் சொல்ல ஒரு பொய்யை யோசித்து வைத்திருக்கிறேன்.

முதல் தடவை வந்தபோது வயிற்றுவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். பெண்பிள்ளை வயிற்றுவலி என்றால் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. அடுத்த நாள் ஒன்றுமே இல்லை. பசித்தது, ஓடினேன், கணக்குப் போட்டேன். அதற்கு அடுத்த நாள் மத்தியானம் மறுபடியும் வந்தது. முதுகில் யாரோ கிணற்றுத் தண்ணீரைப் பைய ஊற்றுகிற மாதிரி ஆரம்பிக்கும். பிறகு தொடை, கை, தாடை எல்லாம் தன் இஷ்டத்துக்கு ஆடும். ஆடி ஓய்ந்ததும் உடம்பு அடுப்பாகும். கடைசியில் வேர்த்துக் கொட்டி எல்லாம் விட்டுப்போகும். இப்போது எனக்கு வேர்த்து முடிந்துவிட்டது. நாளைக்கு நான் நல்லாயிருப்பேன். அதுதான் பயமாயிருக்கிறது.

உனக்கும் இப்படித்தானே இருந்தது?

நம் சிநேகிதி மெர்சியின் சித்தி வந்து, லீவுக்கு நம்மை மலைக்குக் கூட்டிப்போகிறேன் என்று கேட்காமல் போயிருந்தால் உன் மாமா உன்னை அனுப்பியிருக்கவே மாட்டார். அப்பா இல்லாத உன் வீட்டில் அவர் சொல்தான் சொல். அதை நீ எங்களுக்கு நடித்துக் காட்டினாய். மாமா மாதிரி வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "மலையில என்னத்தட்டீ கெடக்கு?" என்றாய். பிறகு உன் குரலிலேயே, "மலைக்குப் பொறத்தால என்ன கெடக்குன்னு பாக்கத்தான் மாமா போறேன். எத்தனை நாளைக்கு வயல்ல நின்னு முன்பக்கத்தையே பாக்கது?" என்றாய். அவர் சிரித்துவிட்டாராம். சிரித்த பிறகு இல்லை என்று சொல்ல அவருக்கு வராது என்றாய். அஞ்சுகிராமத்திலிருந்து நாகர்கோவில் வரை அவரே வில்வண்டியில் கொண்டுவந்து பஸ் ஏற்றிவிட்டார். ஜன்னல் வழியாக உனக்கு மட்டுமில்லாமல் எங்களுக்கும் சேர்த்து முறுக்குப் பொட்டலம் நீட்டினார்.

திருவனந்தபுரத்தில் சங்குமுகம் கடற்கரைக்குப் போனதும் நீ இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கடலை மேலும் கீழும் பார்த்தாய். "இது நம்ம கன்னியாகுமரிக் கடலுல்லா? நமக்கு முன்னாடி பஸ்ஸு பிடிச்சு வந்துட்டு போல" என்றாய். சித்தி மணலில் உட்கார்ந்து சிரித்தது இன்றைக்கும் கேட்கிறது. அங்கே வறுத்த கடலை விற்றவனிடம், தெரிந்த மலையாளத்தையும் தெரியாத மலையாளத்தையும் கலந்து நீ பேரம் பேசினாய். அவன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பிள்ளே, எனக்கு ஊரு தக்கலையாக்கும். தமிழ்லயே கேளு, ஒரு பிடி கூட்டித் தாறேன்" என்றான். வேறு யாராக இருந்தாலும் வெட்கப்பட்டிருப்பார்கள். நீ முந்தானையை விரித்து, "ரெண்டு பிடி" என்றாய்.

யாரிடமும் எதையும் கேட்க உனக்குக் கூச்சமில்லை. இதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன்.

பொன்முடிக்கு எஸ்டேட் லாரியில் ஏறினோம். மெர்சியின் சித்தப்பாவுக்கு அங்கே தேயிலைத் தோட்டத்தில் கணக்கு எழுதுகிற வேலை. வளைவுக்கு வளைவு மெர்சி வாந்தி எடுத்தாள். நீ அவள் தலையைப் பிடித்துக்கொண்டு, வாயை மட்டும் மூடாமல் டிரைவரிடம் ஒவ்வொரு மரத்துக்கும் பெயர் கேட்டுக்கொண்டே வந்தாய். மேலே போனதும் மூடுபனி. கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. நாம் அப்படி ஒன்றைக் கண்டதேயில்லை. சித்தப்பாவின் பழைய கோட்டை முழங்கால் வரை போட்டுக்கொண்டு நீ தேயிலைச் செடிகளுக்கு நடுவே நடந்தாய். "ஏலே, எல்லாரும் வரிசையா நில்லுங்க. தலையை எவன் ஒசத்தினாலும் வெட்டுவேன்" என்று செடிகளுக்கு உத்தரவு போட்டாய். கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு நின்று வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

அடுத்த நாள் மழை. வெளியே போக முடியாமல் ஒரே கம்பளிக்குள் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் உன் அக்காவைப் பற்றிச் சொன்னாய். அவளுக்குக் குளிர்காய்ச்சல் கண்டு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டபோது, காய்ச்சல் என்று யாரும் நினைக்கவில்லை. வாதைப்பேய் ஏறி ஆடுகிறது என்றார்கள். சாமியாடுகிற கோமரத்தாடியை வரவழைத்து, அவளை முற்றத்தில் உட்காரவைத்து, வேப்பங்குழையால் அடித்தார்கள். அதற்கும் ஆட்டம் நிற்கவில்லை என்று பிரம்பால் அடித்தார்கள்.

"அக்கா பொழச்சுக்கிட்டா. ஆனா வாதை ஏறின பிள்ளைன்னு ஆயிப்போச்சு. பொறவு பள்ளிக்கூடம் இல்ல, கோயில் இல்ல, ஒண்ணும் இல்ல. வாசப்படிய தாண்ட விடல்ல" என்றாய்.

"உனக்கு வந்தா என்னட்டீ செய்வே?" என்று மெர்சி கேட்டாள்.

"எனக்கு எங்க வருது? வந்தாலும் ஒருத்தருக்கும் தெரியாம தனியா ஆடிட்டு வந்து சோறு திம்பேன்."

நாங்கள் சிரித்தோம். நீயும் சிரித்தாய்.

மலைமேல் இருந்தவரை நமக்கு ஒன்றுமில்லை. இறங்குகிற அன்று லாரி அடிவாரத்தில் நின்றுவிட்டது. இருட்டிவிட்டதால் ஆற்றோரம் இருந்த லாரிக் கொட்டகையில் படுத்தோம். கொசு என்றால் அப்படிக் கொசு. நீ முந்தானையைச் சுழற்றிக்கொண்டே, "சவத்துக் கொசு, என்னைத் தின்னு தீத்துரும் போல இருக்கு" என்று விடியும் வரை புலம்பினாய். மறுநாள் பஸ் ஏற்றிவிடும்போது சித்தி நம்மிடம் கண்டிப்பாகச் சொன்னாள்: "பிள்ளைகளா, அடிவாரத்துல தங்கினது எனக்கு மனசுக்குச் சரியில்ல. குளிரு கண்டுதுன்னா உடனே பெரியவங்ககிட்ட சொல்லி ஆசுபத்திரிக்குப் போயிரணும். கொயினா மருந்து குடுப்பாங்க, சரியாயிரும்." நாம் தலையாட்டினோம். நீதான் எல்லாரையும்விடப் பலமாக ஆட்டினாய்.

அதற்குப் பிறகு நான் உன்னைப் பார்க்கவில்லை.

நீ போன சேதியை அப்பாதான் தன் கோட்டாற்றுக் கடையிலிருந்து வந்து சொன்னார். அம்மாவும் நானும் துக்கம் கேட்க வந்தோம். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் எனக்கு எழுத வேண்டும்.

"மக்கா, ஒருநா விட்டு ஒருநா மத்தியானம் ஆச்சுன்னா பத்தாயப்புரைக்குப் போயிருவா. என்னட்டீ அங்கன்னு கேட்டா, பூனை குட்டி போட்டிருக்கும்மா, பாக்கப் போறேன்னு சொல்லுவா. நானும் நம்பினேனே. இடையில உள்ள நாளு நல்லா ஓடிச் சாடி நடப்பா, அதனால ஒண்ணும் தோணல்ல. பிள்ளை நெல்லுப் பத்தாயத்துக்குள்ள ஏறி, மூடிய இழுத்து விட்டுக்கிட்டு, கழுத்து வரைக்கும் நெல்லுல புதைஞ்சு கெடந்திருக்கா. புது நெல்லு சூடுல்லா, அதுக்காக்கும். ஆடுத சத்தம் வெளிய கேக்கவும் செய்யாது."

கும்பப்பூ போகத்தில் அறுத்துப் போட்ட நெல். பத்தாயம் நிறைய இருந்திருக்கிறது. கடைசித் தடவை நீ அதிலிருந்து ஏறி வரவில்லை. தேடிக் கண்டுபிடித்தபோது உனக்கு நினைவில்லை. உன் மாமா கோமரத்தாடியைக் கூப்பிடவில்லை, ஏட்டி. அவரே உன்னைத் தூக்கி வில்வண்டியில் போட்டுக்கொண்டு நெய்யூர் ஆசுபத்திரிக்கென்று ஓட்டினார். சுசீந்திரம் தாண்டுவதற்குள் நீ போய்விட்டாய்.

அவர் தொழுவத்துப் பக்கம் தனியாக நின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பக்கத்தில் வந்தார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா மக்கா? அவ என்னத்தக் கேட்டு நான் இல்லைன்னு சொன்னேன்? நீங்கல்லாம் கூட்டுக்காரிகதானே, உங்ககிட்டயாவது சொன்னாளா?" என்றார். இல்லை என்றேன். அவர் கண்ணைத் துடைக்கவில்லை. வழிந்துகொண்டே இருந்தது. உன் அக்கா கதவுக்குப் பின்னால் நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அழவில்லை. அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியவில்லை.

உன் தலைமுடிக்குள்ளிருந்து நெல்லை எடுத்து மாளவில்லை என்றாள் உன் அம்மா. குளிப்பாட்டும்போதும் ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்ததாம்.

என் வீட்டில் யாரும் வாதை என்று சொல்ல மாட்டார்கள். கோமரத்தாடியும் வரமாட்டான். ஆனால் உன் துக்கம் கேட்டுவிட்டு வந்த அன்று அப்பா, "மலைக்குப் போன பிள்ளைக கதியப் பாத்தாச்சுல்லா? படிச்சது போதும்" என்றார். அம்மா சாப்பிடாமல் கிடந்துதான் இந்த வருஷத்துக்கு மட்டும் சம்மதம் வாங்கினாள். போர்டிங் வாசலில் பெட்டியை இறக்கும்போது அப்பா என்னிடம் சொன்னார்: "ஒரு தும்மல்னு கேட்டாலும் வந்து கூட்டிட்டுப் போயிருவேன். பொறவு பள்ளிக்கூடப் பேச்சு எடுக்கப்பிடாது." அப்பா சொன்னதைச் செய்கிறவர். சென்ற மாதமே ஒரு மாப்பிள்ளை வீட்டார் கடைக்கு வந்து போயிருக்கிறார்கள்.

மெர்சிக்கும் சொல்லவில்லை. அவள் என் பக்கத்துப் பாயில்தான் படுத்திருக்கிறாள். தன் சித்தி கூப்பிட்டதால்தானே நீ வந்தாய் என்று இன்னும் ஜெபத்தில் அழுகிறாள். எனக்கும் என்று தெரிந்தால் என்ன ஆவாள்?

இப்படி ஒவ்வொன்றாக யோசித்து யோசித்துத்தான் நானும் கம்பளிக்குள் ஒளிந்துகொண்டேன். இன்று மத்தியானம் ஆடிக்கொண்டிருக்கும்போது எனக்கு ஒன்று புரிந்தது. உனக்குப் பைத்தியம் இல்லை. நீ பிழைத்துவிடலாம் என்றுதான் நினைத்திருக்கிறாய். ஒவ்வொரு தடவையும் இதுதான் கடைசி என்று நினைத்திருக்கிறாய். மறுநாள் நல்லாயிருந்ததும் போய்விட்டது என்றே நம்பியிருக்கிறாய். நானும் நம்பினேன். மூன்று தடவை நம்பினேன். நாளைக்கு விடிந்து, கஞ்சி குடித்து, ஓடத் தெம்பு வந்துவிட்டால் நான் மறுபடியும் நம்பிவிடுவேன். அதனால் விடிவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். இந்த வேர்வை காய்வதற்குள், இந்தப் பயம் இருக்கும்போதே.

இன்னொன்றும் இருக்கிறது. அதை வேறு யாரிடமும் என்னால் சொல்ல முடியாது. நீ போன பிறகு உன்னுடையது என்று எனக்கு யாரும் எதுவும் தரவில்லை. நானும் கேட்கவில்லை. இந்தக் காய்ச்சல் வந்தபோது, பயந்து நடுங்கினேன் என்றாலும், உள்ளே எங்கேயோ கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. ஒரே கொட்டகை, ஒரே ராத்திரி, உன்னைக் கடித்த அதே கொசுக்கள். நீ பத்தாயத்துக்குள் தனியாகக் கிடந்து ஆடியது எப்படி இருந்தது என்று இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஆடுகிறபோது நீ பக்கத்தில் இருக்கிற மாதிரியே இருக்கும். கொயினா கொடுத்தால் அதுவும் போய்விடும்.

போகட்டும், ஏட்டி. என்மேல் கோபப்படாதே.

அப்பா வந்து கூட்டிப்போனால் கூட்டிப்போகட்டும். பெட்டியோடு வீட்டுக்குப் போய், உடம்பு தேறி, அவரோடு சண்டை போடுகிறேன். சண்டை போட நான் இருக்க வேண்டும். உன் மாமாவோடு சண்டை போட நீ இல்லை.

மேட்ரன் அம்மாவின் அறைக் கதவு நாலு எட்டுத்தான். எழுந்துவிட்டேன். கால் நடுங்குகிறது. இது காய்ச்சல் நடுக்கம் இல்லை.