முடி வளர்கிற வரைக்கும்

சிஸ்டர்,

மொட்டைத் தலையில் பூசிய சந்தனம் காயக் காயத் தோலை இழுக்கிறது. அந்த வாசனைக்குச் சாமி ஞாபகம்தான் வரவேண்டும். எனக்கு உங்கள் ஞாபகம் வருகிறது, கூடவே கோபமும். நேற்று சமயபுரத்தில் முடி இறக்கிவிட்டு வந்தேன். உங்களுக்காகத்தான். சிரிக்காதீர்கள். என்னிடம் ஒரு மன்னிப்புக் கேட்க உங்களுக்கு முப்பது வருஷம் இருந்தது. கேட்காமலே போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

"செத்துப்போனவங்களுக்கு எதுக்கும்மா மொட்டை? பிழைச்சாத்தானே வேண்டுதல்?" என்று என் மகள் செல்வி கேட்கிறாள். உங்களிடம் படித்தவள் அல்லவா, கேள்வி மட்டும் நன்றாகக் கேட்பாள். அவளுக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன். முதலிலிருந்து சொல்கிறேன். நீங்கள் உங்களுக்கு வேண்டாததை மறந்துவிடுகிற ஆள். நான் எதையும் மறக்கிறவள் இல்லை.

பாலக்கரைச் சந்தில் நான் ஓட்டல்களுக்குச் சின்ன வெங்காயம் உரித்துக் கொடுத்த காலம் அது. செல்வி சின்னப் பிள்ளை. ஆனால் என்னைவிட வேகமாக உரிப்பாள். காலையில் நீங்கள் கைமணியை ஆட்டிக்கொண்டு சந்துக்குள் நுழைவீர்கள். மூட்டை தூக்குகிறவர் பிள்ளை, ரிக்‌ஷாக்காரர் பிள்ளை, யாரையும் விடமாட்டீர்கள், எல்லாம் உங்கள் பள்ளிக்கூடத்துக்கு வரவேண்டும். மணிச் சத்தம் கேட்டால் பிள்ளைகள் தண்ணீர் அண்டாவுக்குப் பின்னால் ஒளியும்.

"பொண்ணை ஸ்கூலுக்கு அனுப்பு மாரியாயி."

"அவ வந்துட்டா வெங்காயத்தை யாரு உரிக்கிறது? நீங்களா?"

அப்படிக் கேட்டது என் வாய்க்கொழுப்பு. வெள்ளை அங்கியை இழுத்துச் செருகிக்கொண்டு என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். மதியம் வரை உரித்தீர்கள். கண்ணும் மூக்கும் ஒழுகியது. சந்தே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. "பாவி, சிஸ்டரையே அழ வச்சிட்டாளே!" என்று என் மாமியார் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். எழுந்திருக்கும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டு, "அவ பங்கை நான் உரிச்சாச்சு. நாளைக்கு அவ வரணும்" என்றீர்கள். வந்தாள். ஆனால் நீங்கள் தோலோடு பாதி வெங்காயத்தையும் சேர்த்து உரித்துப் போட்டிருந்தீர்கள். ஓட்டல்காரர் திட்டியது என்னைத்தான். அது முதல் கோபம்.

பெரிய கோபம் பிஷப் வந்தபோது. வரவேற்பு நடனத்தில் முன்வரிசையில் நடுவில் செல்வி. நீங்களே சொல்லிக் கொடுத்தீர்கள். இரட்டைச் சடை, சிவப்பு ரிப்பன், எல்லாம் ஏற்பாடு. எனக்கோ சமயபுரத்தாளுக்குக் கடன் பாக்கி. செல்விக்கு அம்மை போட்டிருந்தபோது முடி தருவதாக நேர்ந்துகொண்டது. வீட்டில் வரிசையாக யாருக்காவது காய்ச்சல் வந்துகொண்டே இருந்தது. ஆத்தா ஞாபகப்படுத்துகிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. உங்களிடம் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன். அந்த மரியாதைக்குத்தான் சண்டை வந்தது.

"பிஷப் வந்துட்டுப் போகட்டும், மறுநாளே மொட்டை போடு. உங்க ஆத்தா ஒரு வாரம் பொறுக்க மாட்டாங்களா?"

"உங்க பிஷப் ஒரு வாரம் பொறுக்க மாட்டாரா?"

நீங்கள் கைமணியை எடுத்துக்கொண்டு வகுப்புக்குள் போய்விட்டீர்கள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மொட்டை. திங்கட்கிழமை சந்தனத் தலையோடு அனுப்பினேன். நீங்கள் அவளைக் கேட்டில் நிற்க வைத்து, எப்போதும் போல நகத்தைப் பார்த்துவிட்டு, தலையைத் தடவி உள்ளே அனுப்பினீர்கள். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

பிஷப் வந்த அன்று பள்ளிக்கூட வாசலில் பந்தல். நானும் மாமியாரும் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தோம். மாலையை ஏந்திக்கொண்டு ஒரு குட்டிக் கன்னியாஸ்திரி நடந்து வருகிறது. வெள்ளை அங்கி, தலையில் வெள்ளை முக்காடு, நாலு பக்கமும் ஊக்கு. மாமியார்தான் முதலில் கண்டுபிடித்தார்.

"அய்யய்யோ, நம்ம செல்விடி! புள்ளைய மடத்துக்குக் குடுத்துட்டியாடி!" என்று மாரில் அடித்துக்கொண்டார்.

பிஷப்புக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. குனிந்து மாலையை வாங்கிக்கொண்டு, மைக்குக்கு முன்னாலேயே கேட்டார்: "நீ பெரியவளாகி சிஸ்டர் ஆகப் போறியாம்மா?"

"இல்லைங்க ஃபாதர். முடி வளர்ற வரைக்கும்தான்."

சொன்னதோடு விட்டாளா? நம்பமாட்டார் என்று நினைத்தாளோ என்னவோ, முக்காட்டைக் கழற்றி மொட்டையைக் காட்டினாள். பந்தலே அதிர்ந்தது. பிஷப் சிரித்த சிரிப்பில் தொப்பி நழுவியது. நீங்கள் தூணுக்குப் பின்னால் போய் நின்று குலுங்கினீர்கள். அழுகிறீர்கள் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். நான் பார்த்தேன், சிரித்தீர்கள்.

ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. கல்யாணம் ஆகிற வரை அவளுக்குச் சந்தில் 'சின்ன சிஸ்டர்' என்றுதான் பேர். காட்டூரிலிருந்து வந்த ஒரு நல்ல வரன், "மடத்துல இருந்து திரும்பி வந்த பொண்ணாமே" என்று காப்பியைக் கூடக் குடிக்காமல் எழுந்து போனது. அப்புறம் ஸ்ரீரங்கத்து மாப்பிள்ளை கிடைத்தது வேறு விஷயம். அதற்காகக் காட்டூரை மறந்துவிட முடியுமா?

அன்றைக்குக் கையோடு கொண்டுவந்த முக்காட்டை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. அது உங்கள் சொந்த முக்காடு என்று பிறகுதான் தெரிந்தது. அதிலிருந்து எங்கே பார்த்தாலும் நமக்குள் வணக்கம் கிடையாது.

"மாரியாயி, முக்காடு."

"சிஸ்டர், மன்னிப்பு."

அதற்கு மேல் பேச்சில்லை. மீன் கடையில், பஸ் ஸ்டாப்பில், ஒருதடவை மாதா கோவில் தேர்க் கூட்டத்தில்கூட.

போன மாசம் நீங்கள் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடப்பதாகச் செல்வி சொன்னாள். வந்து பார்த்தேன். மூக்கில் குழாய். 'மன்னிப்பு' என்றேன். 'முக்காடு' என்று நீங்கள் திருப்பிக் கேட்கவில்லை. இனி யாரோடு சண்டை போடுவேன்? அங்கேயே முந்தானையில் ஒரு ரூபாயை முடிந்து, "ஆத்தா, இந்தப் பொம்பளைய எழுப்பி உட்கார வை, என் முடியைத் தர்றேன்" என்று வேண்டிக்கொண்டேன். இந்த வயதிலும் இடுப்பு வரை இருந்த முடி சிஸ்டர். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

எழுந்து உட்கார்ந்தீர்கள். மடத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு ஓடிவந்தேன். கட்டிலில் தலையணைக்குச் சாய்ந்து, தலையில் முக்காடு இல்லாமல் இருந்தீர்கள். இத்தனை வருஷத்தில் உங்கள் தலையை அன்றுதான் பார்த்தேன். மொட்டை போட்டு மூன்று மாசம் ஆன மாதிரி, ஒட்ட வெட்டிய நரைமுடி.

"என்ன பாக்குற? முக்காடு எங்க?"

"மன்னிப்புக் கேளுங்க, தர்றேன்."

"மொட்டை போட்டது நீயா, நானா?"

"முக்காடு போட்டது நானா, நீங்களா?"

கஞ்சி ஊட்ட வந்த இளம் சிஸ்டர் பயந்துபோய், "பாட்டி, அவங்க பேசக்கூடாது" என்றது. "நீ போம்மா, இது பழைய கேஸு" என்று அதை விரட்டினீர்கள். கஞ்சி முழுவதும் குடித்தீர்கள். நான் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். அந்த வாரமே போய்விட்டீர்கள்.

ஆத்தா சொன்ன சொல் தவறவில்லை. எழுப்பி உட்கார வை என்றேன், வைத்தாள். எத்தனை நாளைக்கு என்று நான்தான் சொல்லவில்லை. வெங்காயக்காரனிடம் ஒரு கிலோவுக்கு அத்தனை கேள்வி கேட்கிறவள், சாமியிடம் பேரம் பேசும்போது கோட்டைவிட்டேன். அதனால் முடி அவளுக்குச் சேரவேண்டியது. கொடுத்துவிட்டேன்.

இன்று காலை பேத்தி யாழினியை உங்கள் பள்ளிக்கூடத்தில் விடப் போனேன். அவளை ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏற்றி இங்கேதான் படிக்க வைக்கிறாள் செல்வி. அங்கே பள்ளிக்கூடமே இல்லையா என்றால், "நகம் பாக்குற ஸ்கூல் இல்லம்மா" என்கிறாள். வெயில் மண்டையில் சுட்டது. பெட்டியிலிருந்து உங்கள் முக்காட்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு போனேன். சந்தனக் கறை பிடித்துவிட்டது. இனி நீங்களே வந்து கேட்டாலும் வாங்கிக்கொள்ள மாட்டீர்கள்.

கேட்டில் புதிதாகச் சேர்ந்த ஒரு பொடிசு என்னைப் பார்த்து, புத்தகப் பையைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பியது.

"குட் மார்னிங் சிஸ்டர்!"

நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

"நகத்தைக் காட்டு" என்றேன்.

பத்து விரலையும் நீட்டியது. கன்னங்கரேல் என்று இருந்தது. "நாளைக்கு வெட்டிட்டு வரணும். இல்லேன்னா நானே வீட்டுக்கு வருவேன்." பயந்து தலையாட்டிவிட்டு ஓடியது.

யாழினி என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "அம்மாச்சி, நீங்க சிஸ்டர் இல்லையே?"

"முடி வளர்ற வரைக்கும்தான்டி" என்றேன்.