சேரும் இடத்தில் இட்ட சந்தனம்

தர்ஷினி கண்ணு,

அன்று செமோர் பட்டறையில் இருந்தவர்கள்: நீ, நான், உன் அப்பன் குணாளன், வெல்டர் பச்சையப்பன், தண்ணீர் டாங்கி செய்யக் கேட்டு வந்த சீன முதலாளி லிம் தவுக்கே. ஒருவரையும் மறக்கவில்லை.

பச்சையப்பன் நாள் முழுக்கக் குனிந்து செய்கிற வேலையை, நீ வாங்க வைத்த வெல்டிங் மெஷின் தண்டவாளத்தில் ஊர்ந்து மதியத்துக்குள் முடிக்கும் என்றாய். தவுக்கேயை அழைக்க நீ வாசலுக்குப் போன நேரம் நான் பூசை போட்டேன். இரண்டு தகடும் சேருகிற இடுக்கில், மங்கலமாக இருக்கட்டும் என்று, பன்னீரில் குழைத்த சந்தனத்தை நீளமாக இழுத்துவிட்டேன்.

மெஷின் போன வழியெல்லாம் பொத்தல்.

“மெஷின் வலை வலையா ரொட்டி ஜாலா சுடுது லா!” என்று பச்சையப்பன் சிரித்தான்.

“படிச்ச திமிரு! மெஷின ஒழுங்கா செட் பண்ணத் தெரியல,” என்று உன் அப்பன் தவுக்கே முன்னால் கத்தினான். நீ அன்றே ஜொகூருக்குப் போய்விட்டாய்.

நேற்று பச்சையப்பன் சுத்தமான தகட்டில் ஓட்டினான். தையல் போட்டது போல ஒரே சீர். அன்று இடுக்கில் சந்தனம் இட்டதை அவனிடம் சொன்னேன். “ஈர இரும்பு பொத்தல் விடும் பாட்டி. எந்த வெல்டருக்கும் தெரியுமே,” என்றான். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது.

உன் அப்பனும் வெல்டர்தானே? அவனிடமே கேட்டேன்.

“தவுக்கே முன்னால ஒங்க மானம் போகக் கூடாதுன்னுதாம்மா,” என்றான்.

உன் மானத்தைக் கொடுத்து என் மானத்தை வாங்கியிருக்கிறான். அவன் வீட்டுச் சோறு இறங்கவில்லை. நாளை தவுக்கேயிடம் நானே போய்ச் சொல்கிறேன்.

பச்சையப்பன் சிரிப்பை மன்னித்துவிட்டேன். நான் சந்தனம் இழுக்கும்போது பக்கத்தில் நின்று கிண்ணம் பிடித்தவனை மன்னிக்க மாட்டேன். நான் பெற்ற குணாளனை.

உன் முகத்தில் விழிக்கக் கூசும்,
அப்பாயி