பேசவும்

மார்ச் 4, செவ்வாய்

மருத்துவமனை அலுவலகத்தில் என்னைப் பராமரிப்புப் பிரிவுக்கு மாற்றி இரண்டு மாதமாகிறது. இன்றைய தபாலில் லிஃப்ட் மெக்கானிக்கின் கடிதம். நோயாளிகளை ஏற்றும் பெரிய லிஃப்டின் கம்பிவடம் பிரி விட்டிருக்கிறதாம். மாற்றும்வரை ஓட்டவே கூடாதாம். தங்கை நாலாவது மாடியில் நர்ஸ். நாள் முழுக்க அதில்தான் ஏறி இறங்குகிறாள்.

உடனே குறிப்பு எழுதினேன். வந்த கடிதத்தின் சுருக்கம், பிரிவின் கருத்து, வேண்டிய ஆணை. "லிஃப்டை இன்றே நிறுத்தலாம். உத்தரவுக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது." கோப்பு நிர்வாக அதிகாரியின் மேஜைக்குப் போய்விட்டது.

மார்ச் 5, புதன்

கோப்பு திரும்பி வந்தது. என் குறிப்புக்குக் கீழே ஒரே ஒரு சொல்: "பேசவும்." அதற்கும் கீழே, நிறைய இடம் விட்டு, கையெழுத்தும் தேதியும்.

பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்த்தார். எதற்கெடுத்தாலும் "மேற்படி" என்பதால் ஆபீஸில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. "பேசவும்னு வந்தா, நேர்ல போய்ப் பேசு, பேனாவ மூடுன்னு அர்த்தம்மா," என்றார்.

அதிகாரி முன் போய் நின்றேன். உட்காரச் சொல்லவில்லை.

"அடுத்த வெள்ளிக்கிழமை மேல புது வார்டு திறப்பு. பெரிய ஆளுங்கள்லாம் வர்றாங்க. அவங்கள படியேறச் சொல்லுவியா? அது முடியட்டும். அதுவரைக்கும் லிஃப்டு ஓடட்டும்."

"சார், மெக்கானிக் என்ன சொல்றார்னா..."

"அவன் அப்படித்தான் சொல்லுவான். புதுசு மாட்டினாத்தானே அவனுக்குப் பிழைப்பு."

"சரி சார்" என்று வந்துவிட்டேன். வேறு என்ன சொல்லியிருக்க முடியும்?

மார்ச் 6, வியாழன்

என் மேஜைக்குப் பின்சுவரை ஒட்டித்தான் லிஃப்ட். அது ஏறும்போதெல்லாம் என் கை நின்றுவிடுகிறது. மேலே கதவு திறக்கிற சத்தம் கேட்டால்தான் மூச்சு வருகிறது.

விழுந்தால் யாரைக் கேட்பார்கள்? கோப்பு என்னிடம். "பேசவும்" என்று எழுதியிருக்கிறார், சரி. என்ன பேசினார் என்று எங்கே இருக்கிறது? "நான் அப்படிச் சொல்லவேயில்லையே" என்று அவர் சொல்லிவிட்டால்? என்னையா நம்புவார்கள்?

மார்ச் 7, வெள்ளி

மெக்கானிக்கே வந்துவிட்டார். "என்னம்மா, இன்னும் ஓடுது? நான் எழுதிக் குடுத்துட்டேன். இனிமே என் தலை உருளாது." போய்விட்டார்.

அப்போ யார் தலை?

மார்ச் 9, ஞாயிறு

தங்கையிடம் சொல்லிவிட்டேன். "லிஃப்டுல போகாத. படியில போ. ஏன்னு கேக்காத." கேட்காமல் விடுகிற பிறவியா அவள்? பிடுங்கியெடுத்து எல்லாவற்றையும் வாங்கிவிட்டாள். பிறகு,

"நான் படியில போயிடுவேன்க்கா. ஆபரேஷன் முடிஞ்சு வர்றவங்கள எதுல கொண்டு போறது? தோள்ல தூக்கிக்கவா?"

என் வீட்டு ஆள் தப்பித்தால் போதும் என்றுதானே நினைத்திருக்கிறேன். சீ.

மார்ச் 10, திங்கள்

அதிகாரி வாய்மொழியாக ஆணையிட்டால் அதை எழுதிவைத்து உறுதி பெற வேண்டும். அலுவலக நடைமுறை நூலில் அப்படித்தான் இருக்கிறது. தேர்வுக்குப் படித்தபோது சாதாரண வரி. இன்று எழுத உட்கார்ந்தால் வியர்வையில் பேனா வழுக்குகிறது.

புதிய குறிப்புத் தாளில் இவ்வளவுதான் எழுதினேன்: "5ஆம் தேதி வாய்மொழியாக அறிவுறுத்தியபடி லிஃப்ட் தொடர்ந்து இயக்கப்படுகிறது. அருள்கூர்ந்து உறுதிசெய்யக் கோரப்படுகிறது." நானே கொண்டுபோய் வைத்தேன்.

படித்தார். மறுபடியும் படித்தார். முகம் கறுத்துவிட்டது.

"யார் சொல்லிக் குடுத்தா உனக்கு?"

"யாருமில்ல சார். நடைமுறைதான்."

"என்னைய மாட்டிவிடப் பாக்குறியா?"

"இல்ல சார். பயமா இருக்கு சார்."

அதுதான் வாயில் வந்தது. அவர் பேனாவைத் திறந்தார், மூடினார், திறந்தார். "இயக்கலாம்" என்று ஒரு சொல் எழுதினால் தீர்ந்தது. எழுத முடியவில்லை அவரால். அப்போதுதான் தெரிந்தது - அவருக்கும் பயம்.

"இந்தத் தாளை எடுத்துடு. நிறுத்தச் சொல்லி எழுதித் தர்றேன்."

எடுத்தேன். அவர் கண்ணெதிரிலேயே கிழித்தேன். பழைய குறிப்பைப் புரட்டி, "பேசவும்" என்பதற்கு அடியில் எழுதினார்: "லிஃப்டை உடனே நிறுத்தவும்." கோப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

லிஃப்ட் நின்றுவிட்டது. அப்பாடா.

மார்ச் 11, செவ்வாய்

மெக்கானிக் வடத்தைக் கழற்றிக் காட்டினார். பாதிக்கு மேல் அறுந்து, துடைப்பம் மாதிரி விரிந்து கிடந்தது. "வெள்ளிக்கிழம வரைக்கும் தாங்கியிருக்காதும்மா."

ஆபரேஷன் முடிந்தவர்களை இப்போதைக்குக் கீழ்த் தளத்திலேயே வைத்துப் பார்க்கிறார்கள். மற்றவர்கள் எல்லோரும் படியேறுகிறார்கள், என்னைத் திட்டிக்கொண்டே. தங்கை காலை நீவிவிட்டுக்கொண்டு, "நல்லாயிருப்பக்கா நீ" என்கிறாள். வாழ்த்தா, வசவா, தெரியவில்லை.

மார்ச் 24, திங்கள்

தலைமையகத்திலிருந்து இரண்டு கடிதங்கள். அபாயத்தை அறிந்தவுடன் நடவடிக்கை எடுத்ததற்காக நிர்வாக அதிகாரிக்குப் பாராட்டு. இன்னொன்று எனக்கு. 5ஆம் தேதியே நிறுத்த ஆணையிடப்பட்டும் 10ஆம் தேதிவரை செயல்படுத்தாதது ஏன்? மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும்.

ஐந்தாம் தேதியா?

கோப்பைப் பிரித்தேன். அவர் புதிதாகக் கையெழுத்தே போடவில்லை. அன்றைக்கு விட்டிருந்த இடத்தில் வரியை மட்டும் எழுதியிருக்கிறார். அதன் கீழே பழைய கையெழுத்து, பழைய தேதி. ஓடுகிற ஓட்டத்தில் நான் பார்க்கவேயில்லை. ஐயோ, என்ன புத்தி எனக்கு.

"தாமதத்துக்கு வருந்துகிறேன்னு எழுதிடும்மா," என்றார் மேற்படி. "மேற்படி விஷயம் அதோட முடிஞ்சுடும்."

மார்ச் 26, புதன்

எழுதிவிட்டேன். நடந்தது நடந்தபடி. தாளை நானே கிழித்ததையும் சேர்த்து. ஆதாரம் ஒன்றுமில்லை. தபாலில் சேர்த்துவிட்டு, கழிப்பறைக் கதவைத் தாழிட்டு அழுதேன். வேலை போய்விடுமோ?

ஏப்ரல் 21, திங்கள்

வேலை போகவில்லை. விளக்கம் ஏற்கப்படவில்லை, மாற்றல். ஊரின் மறுகோடியில் மருந்துக் கிடங்கு அலுவலகம். இரண்டு பஸ் மாற வேண்டும். இன்றுதான் சேர்ந்தேன்.

இங்கே பெண் அதிகாரி. வருகைப் பதிவேட்டில் நான் கையெழுத்துப் போட்டு நிமிர்வதற்குள், "அந்த ஓரத்துல இருக்குற பெட்டிங்கள இன்னைக்கே வெளிய அனுப்பிடுங்க," என்றார்.

"எழுதிக் குடுத்துடுங்க மேடம்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பேனாவைத் தேடினார். என்னுடையதை நீட்டினேன். எழுதினார், கையெழுத்திட்டார், தாளை என் பக்கம் தள்ளினார்.

நான் நகரவில்லை.

"மேடம், தேதி," என்றேன்.